மகளின்ட லொஜிக் டியூட்டும் மணிமேகலையும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன கிழமை உங்கட பேப்பர்ல ஒருத்தர் எழுதியிருந்தார், ஆர்ட்ஸ் படிக்கிற பொடியன்களால என்ன பிரயோசனம், எல்லாரையும் கணக்கு கொம்பியூட்டர் பக்கம் திருப்பி விடுங்க எண்டு. அவரோட சண்டை பிடிக்க இத எழுதல்ல. வேலையில்லாப் பட்டதாரிகள் வெயிலுக்குள்ள ரோட்டோரம் குந்தியிருந்தத நானும் பார்த்தவன்தான், அவர் சொல்றதுல பாதி சரி. மத்தப் பாதி எங்க பிழைக்குது எண்டத என்ட வீட்டு மேசையில நடந்த ஒரு விசயத்த வச்சே சொல்றன்.

நான் மட்டக்களப்பு கிரான் பக்கம், கூட்டுறவுச் சங்கத்துல ஸ்டோர் கீப்பரா இருந்து ஓய்வெடுத்தவன். மகள் ஏ.எல். (உயர்தரம்) படிக்கிறா, பாடம் தமிழ், லொஜிக், கர்நாடக சங்கீதம். மூண்டுக்கும் மூண்டு இடத்துல டியூசன், மூண்டு கலர்ல ஃபைல், ஒரு ஃபைலுக்குள்ள இருக்கிறது மத்த ஃபைலுக்குத் தெரியா. ஒரு நாள் ராவு லொஜிக் டியூட்ட, அதான் டியூசன்ல குடுக்கிற குறிப்ப, கையில வச்சுக்கொண்டு அங்கயும் இங்கயும் நடந்து நடந்து 'போலிகள்' பாடத்த சத்தமாப் பாடமாக்கிக்கொண்டிருந்தா. என்ன புள்ள அது, போலியெண்டா என்ன எண்டு கேட்டன். "பிழையான நியாயம் அப்பா, குழப்பாதீங்க, இந்தப் பாடத்துல கட்டாயம் ஒரு கேள்வி வரும்" எண்டா. யாரு கண்டுபிடிச்சது எண்டு கேட்டதுக்கு அரிஸ்டோட்டில் எண்டு ஒரே சொல்லுல முடிச்சிட்டா.

நான் எழும்பிப் போய் அலுமாரிக்குள்ள கிடந்த பழைய மணிமேகலையத் தூசு தட்டி எடுத்துக்கொண்டு வந்தன், பாதிய பூச்சி தின்டுட்டு. முப்பது காதையில இருபத்தொன்பதாவதப் பிரிச்சு அவக்கு முன்னால வச்சன். காஞ்சிபுரத்துல பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருமம் சொல்லிக் குடுக்கிற இடம் அது, ஆனா தருமத்துக்கு முதல் மனுசன் லொஜிக்தான் சொல்லிக் குடுக்கிறார். பக்கம் (சொல்ல வாற முடிவு), ஏது (காரணம்), திட்டாந்தம் (உதாரணம்) எண்டு ஒழுங்கா வருது. இந்த மலையில நெருப்பு இருக்கு, இது பக்கம். ஏனெண்டா புகை இருக்கு, இது ஏது. அடுக்களையப் போல, இது திட்டாந்தம். அதோட விடல்ல, பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி எண்டு பிழையான நியாயத்த எல்லாம் வகை பிரிச்சு, பக்கப்போலி மட்டும் ஒன்பது. புள்ள கொஞ்ச நேரம் பேசாம பார்த்துக்கொண்டிருந்திட்டு, "அப்பா, இது எங்கட டியூட்ல இருக்கிற சொல்லெல்லா" எண்டா. ஓம், போலி எண்ட சொல்ல உங்கட சேர் புதுசாச் செய்யல்ல, லொஜிக்குக்குத் தமிழ்ல சொல்ற அளவை எண்டதும் இதுல இருக்கிறதுதான், இருபத்தேழாவது காதையில அளவைவாதி ஒருத்தன் ஒண்ட அறியிற வழியளக் காண்டல், கருதல், உவமம் எண்டு வரிசையாச் சொல்லுவான் பார் எண்டு சொன்னன்.

மறுகா ஏதுப்போலியில ஒண்டு இருக்கு, சித்தாசித்தம். தூரத்துல தெரியிறது புகையா, இல்ல ஆவியா பனியா எண்டு ஐயம் தீராமலே அங்க நெருப்பு இருக்கெண்டு முடிவு கட்டுறது. இதுக்கு எனக்கு உரை தேவைப்படல்ல. மாரி காலத்துல விடிய வயல் வட்டைக்குப் போகக்குள்ள குடும்பிமலைப் பக்கம் வெள்ளையா எழும்பும், சின்ன வயசுல நான் காடு பத்துது எண்டு கத்த அப்பா சிரிச்சுப்போட்டு, வெயில் ஏறட்டும் பார்ப்பம் எண்டார். வெயில் ஏற ஒண்டுமில்ல. அதே மலையில சேனைக்குக் காடு வெட்டி எரிக்கிற காலத்துல எழும்புறது வேற, அதுக்கு நிறமும் வேற மணமும் வேற. 2004 சுனாமிக்குப் பிறகு கடல் வருது கடல் வருது எண்டு எத்தனை தரம் புள்ளையளத் தூக்கிக்கொண்டு ஓடினம், அதுவும் சித்தாசித்தந்தான், ஆனா அதுக்கு நான் யாரையும் குறை சொல்ல மாட்டன், அந்த நேரம் ஓடினதுதான் புத்தி.

இதச் சொன்னதும் அவக்கு ருசி வந்திட்டு. எங்கட ஊர்ப் புள்ளைக்கு கண்ணகி கதை யாரும் சொல்லிக் குடுக்கத் தேவையில்ல, வைகாசியில கண்ணகி கோயில் குளிர்த்திச் சடங்கு எண்டா அவட கதையச் சொல்ற வழக்குரை படிக்கிறத தாய்ட மடியில கிடந்தே கேட்டதுகள். அப்ப நான் கேட்டன், பாண்டியன்ட நியாயம் எங்க பிழைச்சது சொல்லு பார்ப்பம். யோசிச்சு யோசிச்சு அவவே சொன்னா, இவன்ட கையில சிலம்பு இருக்கு, அரசிட சிலம்பக் காணல்ல, அதால இதுதான் அது எண்டு தட்டான் சொன்னத அப்படியே எடுத்துட்டான், ரெண்டு சிலம்பு ஒரே மாதிரி இருக்கலாம் எண்டு யோசிக்கல்ல எண்டு. கண்ணகி செஞ்சது என்ன? அழுததோட நிக்கல்ல. என்ட சிலம்புக்குள்ள பரல் மாணிக்கம் எண்டுறா, அவன் எங்கட சிலம்புக்குள்ள முத்து எண்டுறான், அவ அத உடைச்சுக் காட்டுறா. இத விடத் திறமான சோதனை எந்த டியூட்ல இருக்கு? நாப்பது வருசமா கோயில்ல கும்பிட்டுக்கொண்டு கேட்ட எனக்கே அண்டைக்குத்தான் இந்தக் கோணம் பட்டது, அதையும் சொல்லத்தான் வேணும்.

சங்கீத ஃபைல் மட்டும் தனியாக் கிடந்தது. அதுக்கு ஆள் தேடித் தூரம் போகத் தேவையில்ல, காரைதீவுல 1892ல பிறந்து கல்லடி உப்போடையில அடக்கமான விபுலாநந்த அடிகள் இருக்கிறார். அந்த வருசந்தான் உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்த அச்சுல போட்டதும், எனக்கு இப்படிச் சின்னச் சின்னப் பொருத்தம் பார்க்கிறதுல ஒரு ஆசை. அடிகள் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர், லண்டன் பி.எஸ்ஸி., ராமகிருஷ்ண மிசன் துறவி, மூண்டும் ஒரே ஆள். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில யாழப் பத்தி வாற வரிகள் ஒருத்தருக்கும் சரியா விளங்காமக் கிடந்தது, அவர் அத இலக்கணமா மட்டும் பார்க்காம கணக்காவும் பார்த்தார். நரம்ப மூண்டுல ரெண்டு பங்கா குறுக்கினா குரல் எண்ட சுரம் இளி எண்ட சுரமாகும், அதாவது புள்ள பாடுற சட்ஜமம் பஞ்சமமாகும். இப்படி நரம்பு நரம்பாக் கணக்குப் பார்த்து எத்தனையோ வருசம் உழைச்சு 1947ல யாழ்நூல அரங்கேத்தி அடுத்த மாதமே ஆள் போய்ச் சேர்ந்திட்டார். எங்கட புள்ளையள் அவர்ட சிலைக்கு மாலை போடுதுகள், அவர் எழுதின 'வெள்ளைநிற மல்லிகையோ' பாடுதுகள், அவர் கணக்குப் போட்ட கதை மட்டும் தெரியா.

கடிதம் எழுதின ஐயாட்ட நான் கேக்கிறது இதுதான். ஆர்ட்ஸ் படிச்சவன் யோசிக்கிறானில்ல எண்டு சொல்றீங்க, யோசிக்க எங்க விட்டம்? மூண்டு பாடத்தையும் துண்டு துண்டா வெட்டி, பாஸ்ட் பேப்பர்ல வந்ததா வரல்லையா எண்டு பார்த்துப் பாடமாக்க விட்டிருக்கம். கொம்பியூட்டரையும் இப்படிப் படிப்பிச்சா அதுவும் இந்தக் கெதிதான்.

பெரிய திட்டம் ஒண்டும் நான் கேக்கல்ல. பள்ளிக்கூடத்துல தமிழ்ச் சேரும் லொஜிக் சேரும் சங்கீத ரீச்சரும் தவணைக்கு ஒரு நாள், ரெண்டு பாடவேளை ஒரே வகுப்புல இருந்தாக் காணும். ஒரு நாள் அறவண அடிகள், ஒரு நாள் வழக்குரை, ஒரு நாள் யாழ். அதோட எங்கட பக்கத்து நூலகம் ஒண்டுல இந்தப் புத்தகங்களக் கண்ணாடி அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டு போட்டிருக்கு, கேட்டா திறப்பு வச்சிருக்கிற ஆள் லீவு எண்டுறாங்க, போன மூண்டு தரமும் லீவு. அந்தத் திறப்ப மேசையில வைக்கச் சொல்லி உங்கட பேப்பர்ல ஒரு வரி போட்டாலும் புண்ணியம்.

மகள் அடுத்த நாள் மணிமேகலையக் கொண்டுபோய் லொஜிக் சேர்ட்ட காட்டியிருக்கா. சோதனைக்கு இது வராது புள்ள எண்டுதான் முதல்ல சொன்னாராம், மறுகா ஒள்ளுப்பம் புரட்டிப் பார்த்திட்டு ராவைக்கு வாசிச்சிட்டுத் தாறன் எண்டு வாங்கிட்டுப் போயிட்டார். மூண்டு கிழமையாகுது, புத்தகம் இன்னும் வரல்ல. நான் கேக்கவும் இல்ல.

இப்படிக்கு,
கிரானிலிருந்து ஒரு வாசகன்