பெயரில்லாத வெள்ளிச் சிலுவை

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் மறக்காதே.

பின்னாளில் நம் விமானப்படைத் தளபதியான அர்ஜன் சிங், இரண்டாம் உலகப் போரில் எத்தனை எதிரி விமானங்களைச் சுட்டு வீழ்த்தியதற்காக அந்தப் பதக்கம் வாங்கினார் என்று கேட்டிருந்தாய். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன், விமானிக்குப் பதக்கம் என்றால் வானத்தில் ஒரு சண்டை, புகை கக்கிக்கொண்டு விழும் விமானம் என்று. அவர் வாங்கிய டி.எஃப்.சி. (டிஸ்டிங்விஷ்ட் ஃப்ளையிங் கிராஸ், விமானிகளுக்கான பிரிட்டிஷ் வீரப் பதக்கம்) அந்தக் கதை இல்லை.

1944, மணிப்பூரில் உள்ள இம்பால். ஜப்பான் படை கோஹிமா சாலையை மறித்துவிட்டது. ஜூன் 22 வரை அரிசி, தோட்டா, ஆள் எல்லாம் விமானத்தில்தான் வந்து இறங்கின. அர்ஜன் சிங் இந்திய விமானப்படையின் 1ஆம் ஸ்குவாட்ரன் என்ற பிரிவின் தலைவர், வயது 25. ஓட்டியது ஹரிகேன் என்ற போர் விமானம். 1940இல் இங்கிலாந்தைக் காத்த விமானம்தான், ஆனால் நாலு வருஷத்திலேயே பழசாகியிருந்தது. முக்கிய வேலை வேவு. காட்டுக்கு மேலே தாழப் பறந்து, மண்பாதையில் புதிதாக லாரித் தடம் விழுந்திருக்கிறதா, மரத்தடியில் தழை போட்டு மூடியிருப்பது பீரங்கியா என்று பார்த்துவந்து சொல்ல வேண்டும். கீழிருந்து வரும் சாதாரணத் துப்பாக்கிக் குண்டு ஒன்று எஞ்சினைக் குளிர்விக்கும் குழாயில் பட்டாலே போதும், முடிந்தது. தப்பி வந்தால் மறுநாள் மறுபடி அதே காடு, மழைக்காலத்திலும். அப்போது தென்கிழக்கு ஆசியாவில் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்த மவுண்ட்பேட்டனே இம்பாலுக்கு வந்து பதக்கத்தை அணிவித்தார்.

வெள்ளிச் சிலுவை, ஊதாவும் வெள்ளையும் சாய்வாக ஓடும் ரிப்பன். திருப்பிப் பார்த்தால் கீழ்க்கையில் வருஷம் மட்டும்தான் பொறித்திருக்கும், வாங்கியவர் பெயர் கிடையாது! எனக்கு உறுத்துவது வேறொன்று. அந்தப் போரில் ஒரே குண்டுவீச்சு விமானத்தில் ஏழு பேர் போவார்கள், ஏழு பேருக்கும் ஒரே ஆபத்து. ஆனால் சிலுவை அதிகாரிகளுக்குத்தான், சார்ஜென்டுக்கு டி.எஃப்.எம். (டிஸ்டிங்விஷ்ட் ஃப்ளையிங் மெடல்) என்று ஒரு நீள்வட்டப் பதக்கம். 1993இல்தான் இந்தப் பாகுபாட்டை எடுத்தார்கள். ஆனால் அந்த நீள்வட்டப் பதக்கத்தின் விளிம்பில் வாங்கியவர் பெயரைப் பொறித்துத்தான் கொடுத்தார்கள். எனக்கென்னவோ அதுதான் பிடித்திருக்கிறது.

சரி, கண்கட்டு அவிழ்த்ததும் எழுது. அதுவரை யாரையாவது படித்துக்காட்டச் சொல்.

உன் பழைய நண்பன்