உன் குழலில் கை வைத்துவிட்டேன்

தென்காசி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

திட்டு வாங்கவேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டாவது படிக்கும்போது பி.வி.சி. குழாயில் நீ செய்த புல்லாங்குழலை, உன்னிடம் கேட்காமல் மாற்றிவிட்டேன். பயப்படாதே, அறுக்கவில்லை.

பல்செட் கட்டியதிலிருந்து எனக்கு உதடு குவிவதில்லை. வாய் வைத்து ஊதும் முத்திரைத் துளையில் ஊதினால் காற்றுதான் வருகிறது. "அடுப்பா ஊதுகிறீர்கள்?" என்கிறாள் உன் அம்மா. டப்ளின் கிராஃப்டன் தெருவில் ஒருவர் தகர விசில் ஊதுவதைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாயே, அதைப் பார்த்ததும் பொறி தட்டியது. 1843-இல் ராபர்ட் கிளார்க் என்ற இங்கிலாந்துக்காரர் தகரத்தைச் சுருட்டி, வாய்ப்பக்கம் மரக்கட்டை அடைத்துச் செய்யத் தொடங்கிய சாமான் அது. கட்டைக்கு மேலே உள்ள சந்து, காற்றைத் தட்டையாக்கி நேரே விளிம்பில் கொண்டுபோய் மோதுகிறது. நம் குழலில் உதடு படும் பாட்டை அங்கே சந்து பட்டுவிடுகிறது.

எனக்கு வேண்டியதும் ஒரு சந்துதானே? இளநீர்க்கடை ஸ்ட்ராவில் இரண்டு விரற்கடை நறுக்கி, வெந்நீரில் முக்கி, உள்ளே மடித்த அட்டையைச் செருகி அமுக்கினேன். ஒரு மில்லிமீட்டர் வாய்தான் மிச்சம். அதைத் துளையின் இந்த ஓரத்தில் முடியும்படி, எதிர் விளிம்பைப் பார்க்க வைத்து எம்-சீலால் ஒட்டினேன். குழலைப் பிடிப்பது பழையபடி பக்கவாட்டில்தான்.

இரண்டு நாள் வெறும் 'புஸ்'. எதிர் விளிம்பு மழுங்கலாக இருந்ததுதான் கோளாறு. அம்மாவின் நக அரத்தை எடுத்து (அவளிடம் சொல்லிவிடாதே) உட்புறமாகச் சரித்துத் தேய்த்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் ஊதியதும் தெருவில் போன பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டார்!

ஆனால் சுருதி ஏறிவிட்டது. வழக்கமாகக் கீழுதடு துளையில் ஒரு பங்கை மூடிக்கொள்ளும். இப்போது மூட ஆளில்லை. இரு ஓரத்திலும் இன்சுலேஷன் டேப்பைத் துளித்துளியாக ஒட்டி, சுருதிப்பெட்டியோடு ஒத்துப்பார்த்து இறக்கினேன். கூடுதலாக மூடினால் மேல் ஸ்தாயிக்கு மூச்சு முட்டுகிறது. பத்து நிமிடம் வாசித்தால் சந்தில் எச்சில் கோத்துக்கொள்கிறது, உறிஞ்சிவிட்டுத் தொடரவேண்டும்.

உதட்டைத் திருப்பி ஸ்வரத்தைத் தணிக்கிற சுகம் போனது போனதுதான். ஓங்கி ஊதினால் ஏறுகிறது, மெல்ல ஊதினால் இறங்குகிறது. மோகனம் பரவாயில்லை. ஸ்வரங்களை அசைத்து அசைத்து வாசிக்கவேண்டிய தோடி ராகத்தின் பக்கம் நான் இன்னும் போகவில்லை.

அடியில் ஆணியால் உன் பெயரைக் கீறியிருக்கிறாயே, அதன்மேல் பசை படவில்லை. பொங்கலுக்கு வரும்போது ஒரு நிஜத் தகர விசில் வாங்கி வா. டி சுருதியில் இருக்கட்டும். என்னுடையதோடு வைத்து ஊதிப்பார்க்கவேண்டும்.

அன்புடன்,
அப்பா