செக்கெண்ணெய்க்கு ஒரு வரி

டர்பன், சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. எனக்கு முன்னால் சித்தப்பா படித்துவிட்டார். விருதுநகரிலிருந்து உறை வந்தால் அது அவருக்கும் சேர்த்துத்தான் என்பது இந்த வீட்டுச் சட்டம். தங்கச்சிக்கு மதுரையில் வேலை கிடைத்ததும், அப்பா ஒருவழியாகக் கல்லாவில் ஜிபே அட்டையை வைக்கச் சம்மதித்ததும் கேட்க அவ்வளவு சந்தோஷம். பங்குனிப் பொங்கலுக்குள் கடைக்கு வெள்ளையடித்து முடித்துவிடு. அப்புறம் கூட்டத்தில் ஆள் கிடைக்காது.

இங்கே எல்லாரும் நலம். சித்தப்பாவுக்கு இப்போது ஒரு மாரியம்மன் கோயிலில் சுதை வேலை. கோபுரத்துப் பொம்மைகளுக்குப் பளிச்சென்று நீலமும் ரோஸும் வேண்டும் என்று கமிட்டிக்காரர்கள் கேட்கிறார்களாம். தினமும் ராத்திரி அதைச் சொல்லிப் புலம்பிவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறார். நான் இரண்டாம் வருஷத்தில் இருக்கிறேன். குளிர் போய்விட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ‘மார்க்கெட்டிங் படிக்கிறாயே, நம்ம மரச்செக்கு எண்ணெய்க்கு நச்சென்று ஒரு வரி எழுதிக் கொடு, கொலஸ்ட்ரால் இல்லாதது, சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் என்று வருகிற மாதிரி இருக்கட்டும்’ என்று கேட்டிருந்தாய். போகிற போக்கில் இன்னொன்றையும் எழுதியிருந்தாய். தீபாவளி நேரத்தில் செக்கு தாங்காது, பாதியை எக்ஸ்பெல்லர் மெஷினில் பிழிகிறவரிடம் வாங்கி அதே பாட்டிலில் அடைப்போம் என்று. சித்தப்பா அந்த இடத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் கொலஸ்ட்ரால். கடலை, எள், தேங்காய் என்று எதில் ஆட்டினாலும் தாவர எண்ணெயில் கொலஸ்ட்ரால் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. அது பிராணிகளின் கொழுப்பில் இருக்கிற சமாச்சாரம். நீ திட்டுகிற பாமாயிலிலும் இல்லை. ஆகவே ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று போட்டால் பொய்யில்லை. ஆனால் அதைப் படிக்கிற அக்கா என்ன நினைப்பார்? பக்கத்துக் கடை எண்ணெயில் இருக்கிறது போல, இதில் இல்லை என்று. அவர் அப்படி நினைக்க வேண்டும் என்றுதானே நாம் போடுகிறோம்? ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருந்துகொண்டே மொத்தமாகப் பொய் சொல்ல முடியும். என் படிப்பில் பாதி இந்த வித்தையைச் சுற்றித்தான் நடக்கிறது.

சர்க்கரை நோய் விஷயம் வேண்டவே வேண்டாம். உணவுப் பண்டம் நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்ய, நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிகள் விடுவதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஏமாற்று விளம்பரத்துக்கு முதல் தடவையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட இடம் இருக்கிறது. உன் கடை அளவுக்கு யாரும் வரமாட்டார்கள் என்பாய். வரமாட்டார்கள்தான். அதனால்தான் சட்டத்தை விட்டுவிட்டு வேறொன்று சொல்லப் போகிறேன்.

எங்கள் வகுப்பில் எதற்கெடுத்தாலும் குழு வேலை. ஆரம்பத்தில் எனக்குப் பிடிக்கவே இல்லை. ஒருவன் அட்டையில் பெயர் போடுவதற்கு மட்டும் வருவான். வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவதோடு அவன் பங்கு முடிந்தது. அவன் இப்போதும் அப்படித்தான் இருக்கிறான், அந்தக் குறை தீரவில்லை. ஆனால் மற்ற மூன்று பேர் இருக்கிறார்களே! ஒருத்தி டர்பன் பக்கத்து உம்லாசியிலிருந்து வருகிற, சூலு இனத்துப் பெண். ஒருவன் சாட்ஸ்வொர்த்துக்காரன்; நாலு தலைமுறைக்கு முன்னால் கரும்புத் தோட்டத்துக்கு வந்த தமிழ்க் குடும்பம். தமிழ் பேச வராது, தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு தப்பில்லாமல் பாடுவான். மூன்றாவது ஆள், பகலில் சூப்பர்மார்க்கெட்டில் பில் போட்டுவிட்டு மாலையில் வகுப்புக்கு வருகிற, நாற்பது வயது தாண்டிய ஒரு அம்மா.

போன பருவத்தில் எங்களுக்குக் கொடுத்தது இறுதிச்சடங்குக் காப்பீடு. சிரிக்காதே. இந்த ஊரில் அது பெரிய வியாபாரம். மாதம் கொஞ்சம் கட்டிவந்தால், வீட்டில் சாவு விழும்போது அடக்கச் செலவுக்குப் பணம் வரும். டிவியைத் திறந்தால் இந்த விளம்பரம், பஸ்ஸின் முதுகில் இந்த விளம்பரம். ஒரு கற்பனைக் கம்பெனிக்கு நாங்கள் பிரசாரம் தயாரிக்க வேண்டும். சாட்ஸ்வொர்த்துக்காரன் ஒரு வரி எழுதினான்: ‘உங்கள் அம்மாவின் கடைசிப் பயணத்தில் ஊர் முன்னால் தலைகுனியாதீர்கள்.’ கேட்டதும் எல்லாரும் ஆகா என்றோம். அடியில் பொடி எழுத்தில், இயற்கையான சாவாக இருந்தால் சேர்ந்த முதல் ஆறு மாதத்துக்குப் பணம் கிடையாது என்ற நிபந்தனை. இங்கே அப்படிக் காத்திருப்புக் காலம் வைப்பது வழக்கம்தான்.

உம்லாசிப் பெண் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள். “இது என் கோகோவுக்கு எழுதியது” என்றாள். கோகோ என்றால் பாட்டி. அந்தப் பாட்டி முதியோர் உதவித்தொகையில் இரண்டு கம்பெனிக்குக் கட்டுகிறாராம். அது போதாதென்று தெருப் பெண்கள் சேர்ந்து நடத்துகிற சாவுச் சங்கத்துக்கும் கட்டுகிறார். ஸ்டோக்வெல் என்று இங்கே சொல்வார்கள். நம்மூர்க் குலுக்குச் சீட்டுக்குப் பங்காளி என்று வைத்துக்கொள். ஒருவர் வீட்டில் சாவு என்றால் சங்கம் பணம் கொடுப்பதோடு நிற்பதில்லை. பெரிய பெரிய பானைகளோடு பெண்கள் வந்து இறங்கி, ராத்திரி முழுக்கச் சமைத்து, வீட்டாரோடு பாடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். “அப்படியிருந்தும் ஏன் கம்பெனிக்கும் கட்டுகிறார் தெரியுமா? இந்த மாதிரி வரிகளால்தான்” என்றாள். “கோகோவுக்குச் சாவைப் பற்றிப் பயம் இல்லை. வெட்கத்தைப் பற்றித்தான் பயம்.”

பில் போடுகிற அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார். கையில் இருக்கிற காசை மொத்தத் தொகை தாண்டிவிட்டால், ஜனங்கள் ஒவ்வொரு சாமானாக எடுத்துத் தள்ளி வைப்பார்களாம். முதலில் சோப்பு போகும், அப்புறம் கோழி, அப்புறம் பழம். அதே கவுண்டரில் காப்பீட்டுத் தவணையும் கட்டலாம். அதை மட்டும் யாரும் தள்ளி வைத்து அவர் பார்த்ததில்லையாம். “குழந்தையின் பழத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதைக் கட்டுகிறார்கள்” என்றார்.

மாப்ள, எங்கள் பாடத்தில் ‘இலக்கு வாடிக்கையாளர்’ என்று ஒரு அத்தியாயம் முழுக்கப் படித்திருக்கிறோம். வயது, வருமானம், பழக்கவழக்கம் என்று கட்டம் கட்டி எழுதுவோம். அந்தக் கட்டத்துக்குள் இருந்த ஆளின் பேத்தி எங்கள் மேசையில் உட்கார்ந்திருக்கும்வரை எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை. தேவாரம் பாடுகிறவன் எழுதிய வரி அது. நியாயமான வியாபாரம் என்பது நல்ல மனசு இருந்தால் தானாக வந்துவிடும் என்று எனக்கு இப்போது தோன்றவில்லை. விளம்பரம் யார் தலையில் விழப்போகிறதோ அவர் எழுதுகிற இடத்திலேயே இருக்க வேண்டும், அவர் வாய் திறக்கவும் முடிய வேண்டும். கூடிப் படிப்பதில் எனக்குக் கிடைத்த உருப்படியான லாபம் இதுதான். மற்றபடி ‘குழு உணர்வு’ பற்றிப் பேராசிரியர்கள் பேசுவது கொஞ்சம் அதிகம்.

இந்த நாட்டுச் சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. 2011 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிற நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் எளிய மொழி என்று ஒரு பிரிவு. ஒரு தாள் எந்த மாதிரி ஜனங்களுக்காக எழுதப்பட்டதோ, அவர்களில் சராசரிப் படிப்புள்ள, அந்தப் பொருளில் பெரிய அனுபவமில்லாத ஒருவர் ரொம்பச் சிரமப்படாமல் புரிந்துகொள்ள வேண்டும் என்கிறது. வக்கீலுக்குப் புரிந்தால் போதாது, அந்தப் பாட்டிக்குப் புரிய வேண்டும்.

நாங்கள் விளம்பரத்தை மாற்றினோம். ஆறு மாத நிபந்தனையை மேலே பெரிய எழுத்தில் போட்டோம். ‘ஏற்கெனவே சங்கத்தில் இருக்கிறீர்களா? அப்படியானால் சின்னத் திட்டம் போதும்’ என்று ஒரு வரி சேர்த்தோம். மார்க் சுமார்தான் வந்தது. நேர்மை சரி, இழுப்பு எங்கே என்று கேட்டார் பேராசிரியர். மற்றவர்களுக்குக் கோபம். எனக்கு அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. உண்மையைச் சொல்கிறோம் என்பதற்காகச் சப்பென்று சொல்லவேண்டியதில்லையே. விக்டோரியா தெரு மார்க்கெட்டில் மிளகாய்ப் பொடியைக் கோபுரமாகக் குவித்து ‘மாமியார் ஒழிப்பான்’ என்று பெயர் எழுதி வைத்திருப்பார்கள். வெள்ளைக்காரர்கள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். அப்பட்டமான புளுகுதான், ஆனால் ஏமாறுகிறவர் யாரும் இல்லை. வாங்குகிறவரும் சேர்ந்து சிரிக்கிற புளுகில் எனக்கு ஆட்சேபணை கிடையாது.

கூடிச் செய்தாலே நல்லது என்று நான் சொல்வதாகவும் நினைத்துவிடாதே. இந்த நாட்டின் பெரிய ரொட்டிக் கம்பெனிகளும் கூடித்தான் வேலை செய்தன. எவ்வளவு விலை ஏற்றுவது, எப்போது ஏற்றுவது, சில்லறையாக வாங்கி விற்கிறவர்களுக்குக் கொடுக்கும் தள்ளுபடியை எப்படிக் குறைப்பது என்று தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள். 2006 கடைசியில் மேற்குக் கேப் மாகாணத்துச் சின்ன விநியோகஸ்தர்கள் புகார் கொடுத்த பிறகுதான் குட்டு உடைந்தது. டைகர் பிராண்ட்ஸ் 2007-ல் ஒப்புக்கொண்டு ஏறக்குறைய 9.9 கோடி ராண்ட் (இந்த நாட்டுப் பணம்) அபராதம் கட்டியது. பயோனியர் ஃபுட்ஸுக்கு 2010-ல் 19.5 கோடிக்கு மேல். இங்கே எங்கள் மத்தியானச் சாப்பாடே பன்னி சௌ. ரொட்டியைக் கால்வாசி வெட்டி, நடுவைக் குடைந்து, அவரைக்காய்ப் பருப்புக் கறியை ஊற்றித் தருவார்கள். ஏழை சாப்பிடுகிற ரொட்டியில் கை வைத்தார்கள் என்று வகுப்பில் அந்த அம்மாவுக்கு வந்த ஆவேசத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அந்தக் கம்பெனிகள் கூடிய மேசையில் ரொட்டி வாங்குகிறவர் ஒருவரும் இல்லை, அதுதான் வித்தியாசம்.

போன மாதம் சித்தப்பாவோடு ஃபீனிக்ஸுக்குப் போனேன், காந்தி 1904-ல் ஆரம்பித்த குடியிருப்புக்கு. அவருடைய ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகை 1903-ல் டர்பனில்தான் தொடங்கியது. ஆங்கிலம், குஜராத்தி, இந்தியோடு தமிழிலும் வந்தது. முதலில் விளம்பரம் வாங்கினார்கள், பிறகு அடியோடு நிறுத்திவிட்டார்கள். காந்தி சொல்லும் காரணம் சுவாரஸ்யமானது. எந்த விளம்பரத்தைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று முடிவு செய்வதற்கே நேரம் போனது. வேண்டாம் என்று தோன்றினாலும், கொடுத்தவர் பெரிய மனுஷர் என்றால் மறுக்க முடியவில்லை. காசு கேட்டு அலைவதற்கும் முகஸ்துதிக்கும் நல்ல ஆட்களைச் செலவழிக்க வேண்டியிருந்தது. சமூகத்துக்கு வேண்டுமென்றால் சந்தாவிலேயே பத்திரிகை நிற்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். மார்க்கெட்டிங் மாணவன் அங்கே நின்று இதை யோசிப்பது கொஞ்சம் சங்கடம்தான். எனக்கு அந்த அளவு வைராக்கியம் கிடையாது. விளம்பரம் வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். படிப்புக் கடனும் இருக்கிறதே.

இனி உன் எண்ணெய். என் யோசனை இது. செக்கில் ஆட்டியதற்கு ஒரு பாட்டில், வெளியில் வாங்கி அடைத்ததற்கு வேறு நிற மூடியோடு இன்னொரு பாட்டில், விலையும் வேறு. செக்கெண்ணெய் லேபிளில் ஆட்டிய தேதியைப் போடு, கடலை எந்தப் பக்கத்துச் சரக்கு என்று போடு. அடியில் கசடு தங்கும், அது கெட்டுப்போனதல்ல என்பதையும் நீயே எழுதிவிடு. போனில் கேட்கிறவர்களுக்கெல்லாம் அப்பா அதைத்தானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார்? இந்தத் தீபாவளிக்கு வரும்படி கொஞ்சம் குறையலாம். குறையாது என்று சொல்லி உன்னை நான் ஏமாற்றமாட்டேன்.

வரியை நான் இங்கிருந்து தனியாக எழுதுவதாக இல்லை. செக்கு ஓட்டுகிற அண்ணாச்சி, மாதா மாதம் தூக்குவாளியோடு வருகிற இரண்டு அக்காமார், பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து எண்ணெய்ப் பரோட்டா மாஸ்டர், இவர்களை ஒரு சாயங்காலம் கடையில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடு. நம்ம எண்ணெயில் என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது என்று கேள். மாஸ்டரை முக்கியமாகக் கேள். எந்த எண்ணெய் எவ்வளவு நேரத்தில் நுரைக்கும், எப்போது புகையும் என்று அந்த மனுஷனுக்குத் தெரிந்த அளவு எந்தக் கம்பெனிக்காரனுக்கும் தெரியாது. அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதி அனுப்பு, நடுவில் உன் இலக்கியத்தைச் சேர்க்காதே. அதிலிருந்து ஒரு வரி எடுத்துத் தருகிறேன். அப்பாவும் கூட உட்காரட்டும். முதலில் முகத்தைச் சுளிப்பார், டீ வந்ததும் சரியாகிவிடுவார்.

அடுத்த கடிதத்தோடு இப்போது ஒட்டுகிற லேபிளைப் போட்டோ எடுத்து வை. முன்பக்கம் எனக்குத் தெரியும், பின்பக்கம்தான் வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்