பனிக்கடியில் பூண்டு

வின்னிபெக்,
பிப்ரவரி 2.

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், அனைவர் நலமும் அறிய ஆவல். பொங்கலுக்கு முன்பே கிடைத்த தங்கள் கடிதத்துக்கு இன்றுதான் பதில் எழுதுகிறேன், மன்னியுங்கள். ஜனவரி 31-க்குள் எங்கள் லாரி நிறுவனத்தின் எரிபொருள் வரிக் கணக்கை முடிக்க வேண்டியிருந்தது. இங்கிருந்து டெக்சாஸ் போய்த் திரும்பும் லாரி டீசலை எங்கே நிரப்பினாலும், எந்த மாநிலத்தில் எத்தனை மைல் ஓடியதோ அந்த மாநிலத்துக்கு அதற்குரிய வரி போய்ச் சேர வேண்டும். கனடாவின் 10 மாகாணங்களும் அமெரிக்காவின் 48 மாநிலங்களும் இதில் அடக்கம். மூன்று மாதங்களுக்கு ஒரு முறை, ஒவ்வொரு வண்டியின் மைலையும் டீசல் ரசீதுகளையும் சரிபார்த்து முடிப்பது மூத்த கணக்காளரான என் பொறுப்பு. ரசீது தொலைந்தால், பெட்ரோல் பங்கில் டீசலோடு கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது.

குளிர் மைனஸ் 30 வரை இறங்குகிறது. இரவில் கார் எஞ்சினுக்கு மின்சார இணைப்புக் கொடுத்துச் சூடாக வைக்காவிட்டால் காலையில் கிளம்பாது.

பக்கத்து வீட்டுத் தாத்தா உக்ரைன் வம்சாவளியினர். அக்டோபரில் பூண்டுப் பற்களை ஊன்றி வைக்கோல் போர்த்தினார். இப்போது அதன்மேல் முழங்கால் அளவு பனி கிடக்கிறது. ஜூலையில் பிடுங்குவாராம். சென்ற ஆண்டுப் பூண்டில் ஒன்றை எனக்குத் தந்தார். பல் பெரியது, உரிக்க எளிது. ஆனால் நசுக்கியபோது நம் பூம்பாறைப் பூண்டின் காரம் மூக்கில் ஏறவில்லை. அடுப்புப் புகை பட்டுப் பரணில் தொங்கும் கட்டுகளும், அம்மா அதில் ஒன்றைப் பறித்து ரசத்துக்குத் தட்டும் ஓசையும் நினைவுக்கு வர, அடுப்பை அணைத்துவிட்டு வெகுநேரம் அப்படியே நின்றிருந்தேன்.

அண்ணன் மேட்டுத் தோட்டத்தை அடகு வைத்து லாரி வாங்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அவசரப்பட வேண்டாம். வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டு இறக்கும்போது வாடகை கிடைக்கும். மலையேறித் திரும்பும்போது எதை ஏற்றுவார்? வெறும் வண்டிக்கும் டீசல் உண்டு. பூண்டு வராத மாதங்களில் வண்டி நின்றாலும் தவணை நிற்காது. டயர், காப்பீடு, எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று), ஓட்டுநர் படி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். சித்தப்பா வண்டியின் பழைய கணக்கையும் அதனுடன் சேர்த்துப் படம் எடுத்து அனுப்பட்டும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்துவிடுகிறேன். அதுவரை எந்தப் பத்திரத்திலும் கையெழுத்திட வேண்டாம்.

இம்மாதப் பணம் 20-ஆம் தேதிக்குமேல்தான் வரும். வங்கியில் சிறு மாற்றம், வேறொன்றுமில்லை. அம்மாவின் முழங்கால் வலிக்கு வத்தலக்குண்டு மருத்துவரிடம் போனீர்களா என்பதை மறக்காமல் எழுதுங்கள்.

தங்கள் அன்பு மகள்