பாப்பரசர் எழுதிக்கொடுக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் மாணவர் பக்கத்தில் திருகோணமலைக் கோணேசர் கோவில் பற்றி வந்த கட்டுரையில் 'இலங்கையைப் பாப்பரசர் போர்த்துக்கேயருக்கு எழுதிக்கொடுத்தார்' என்று ஒரு வரி இருந்தது. நானும் பல வருடமாக என் ஓட்டோவில் ஏறும் உல்லாசப் பயணிகளிடம் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன், அதனால் உங்களைக் குறைசொல்ல எனக்குப் பெரிய உரிமை இல்லை. ஆனால் இந்த ஆவணியில் ஒரு ஸ்பானியப் பெண்ணிடம் அதைச் சொல்லி நன்றாக மாட்டிக்கொண்டேன்.

அவரும் கணவரும் வல்லடோலிட்டிலிருந்து வந்தவர்கள். கோட்டை வாசலில் இறக்கி, கல்லில் இருக்கும் கயல் சின்னத்தைக் காட்டி, வழக்கம்போல கோவில் திருப்பணி செய்த குளக்கோட்டன், 'பின்னே பறங்கி பிரிக்கவே' என்ற கல்வெட்டு, பறங்கி என்ற போர்த்துக்கேயர் 1622 சித்திரை வருடப்பிறப்பில் கோவிலை இடித்தது என்று சொல்லிக்கொண்டே வந்து பாப்பரசரில் முடித்தேன். அவர் சிரிக்கவில்லை. "அது பாப்பரசர் இல்லை, என் அம்மாவின் ஊரில் எழுதியது" என்றார். அப்புறம் பிளேன்ரீ குடித்தபடி போனில் அந்த ஊரின் படங்களைக் காட்டினார். அன்றிரவே தேட ஆரம்பித்தவன்தான், இன்னும் விடவில்லை.

ஊரின் பெயர் தோர்தெசீயாஸ். நம் புத்தகங்களில் டோர்டெசில்லாஸ் என்று இருக்கும். வல்லடோலிட்டிலிருந்து 30 கிலோமீற்றர் அளவு, டுவேரோ ஆற்றங்கரையில் மேட்டில் உட்கார்ந்திருக்கும் சின்ன ஊர், சனத்தொகை பத்தாயிரத்துக்கும் குறைவு. கீழே ஆற்றின் மேல் பழைய கல்பாலம். அந்த ஆறு அப்படியே போர்த்துக்கலுக்குள் போய்க் கடலில் விழுகிறது, இரண்டு நாட்டுக்கும் பொது ஆறு. இரண்டு நாட்டு அரசர்களின் ஆட்களும் அதன் கரையில் கூடியிருந்துதான் உலகத்தைப் பங்கு போட்டார்கள்.

நடந்தது இதுதான். கொலம்பஸ் திரும்பி வந்த 1493இல் பாப்பரசர் ஆறாம் அலெக்சாண்டர் அத்திலாந்திக்கில் ஒரு கோடு போட்டார், மேற்கே இருப்பது ஸ்பெயினுக்கு என்று. அது தங்கள் கப்பல் பாதைக்கு மிகவும் நெருக்கம் என்று போர்த்துக்கல் அரசன் இரண்டாம் ஜோன் ஏற்கவில்லை. இரண்டு தரப்பும் நேரடியாகப் பேசி, 1494 யூன் 7ஆம் திகதி தோர்தெசீயாஸில் ஓர் ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டு, அந்த எல்லைக்கோட்டைக் கேப் வேர்ட் தீவுகளுக்கு மேற்கே 370 லீக் (பழைய தூர அளவு) தள்ளிவைத்தார்கள், மேற்கு ஸ்பெயினுக்கு, கிழக்கு போர்த்துக்கலுக்கு என்று. எந்தத் தீவிலிருந்து அளப்பது, ஒரு லீக் எவ்வளவு நீளம் என்று எழுதவில்லை! நம் ஊரில் காணி உறுதி இப்படி எழுதினால் மூன்று தலைமுறைக்கு வழக்குத்தான். பாப்பரசர் அதை உறுதிப்படுத்தியது 1506இல், அதுவும் வேறொரு பாப்பரசர், இரண்டாம் யூலியஸ். அந்த ஒப்பந்தத்தில் இலங்கை என்ற பேச்சே இல்லை. கோடு அத்திலாந்திக்கில் மட்டும்தான், கிழக்குப் பக்கத்துக்கு எல்லை போட்டது 1529இல் சரகோசாவில், அதுவும் இன்றைய இந்தோனேசியாவில் இருக்கும் மொலுக்காஸ் தீவுகளின் கராம்புக்காக. வாஸ்கோ ட காமாவே 1498இல்தான் இந்தியாவுக்கு வந்தார். இரண்டு அயலவர் மூன்றாமவனின் வயலைப் பாராமலே வரப்புப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போன கதை.

இன்னொரு விடயம். 1580 முதல் 1640 வரை போர்த்துக்கலுக்கும் ஸ்பெயினுக்கும் ஒரே அரசன். கோணேசர் கோவில் இடிபட்டபோது முடியில் இருந்தவன் ஸ்பெயினின் நான்காம் பிலிப், பிறந்தது அதே வல்லடோலிட்டில், 1622இல் அவனுக்கு வயது 17. இடித்த படை போர்த்துக்கேயப் படைதான், தளபதி கொன்ஸ்தாந்தீனு த சா தான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் 'பறங்கி' என்ற ஒரு சொல்லோடு நாம் நிறுத்திவிடுகிறோம்.

அந்தப் பிலிப்பின் பூட்டனைப் பெற்ற தாய் ஹுவானா அரசி. பைத்தியம் என்று சொல்லி முதலில் தகப்பனும் பிறகு மகனும் அவரைத் தோர்தெசீயாஸ் அரண்மனையில் 1509 முதல் 1555இல் சாகும்வரை 46 வருடம் அடைத்து வைத்தார்கள். செத்த கணவனின் சவப்பெட்டி அதே ஊரின் சாந்த கிளாரா மடத்தில் வருடக்கணக்காகக் கிடந்தது. உண்மையில் பைத்தியமா, ஆட்சியைப் பிடுங்க வைத்த பெயரா என்று இன்றும் சண்டை நடக்கிறது, எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. அவரோடு அந்தச் சிறையில் வளர்ந்த கடைசி மகள் கத்தரீனா, 1525இல் போர்த்துக்கலின் மூன்றாம் ஜோனுக்கு வாழ்க்கைப்பட்டாள். இலங்கையின் கோட்டே இராச்சியத்து அரசன் புவனேகபாகு தன் பேரன் தர்மபாலனின் உருவத்தை லிஸ்பனுக்கு அனுப்பி முடிசூட்டுவித்தது அந்த ஜோனிடம்தான். இலங்கையில் செதுக்கிய தந்தப் பேழைகளைச் சேர்த்து வைத்திருந்தவள் இந்தக் கத்தரீனா. முடிசூட்டைச் செதுக்கிய பேழை இப்போது ஜெர்மனியில் மியூனிக்கில் இருக்கிறது.

ஹுவானா இருந்த அரண்மனையைப் பிறகு இடித்துவிட்டார்கள். ஒப்பந்தம் பேசிய வீடுகளை மட்டும் வைத்திருந்து அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். மடமும் இருக்கிறது, கிறிஸ்தவ அரசனுக்காக முஸ்லிம் கைவினைப் பாணியில் கட்டிய அரண்மனைதான் பிறகு மடமாகியது, உள்ளே அரபுக் குளியலறைகூட உண்டு. எல்லாம் பெருமைப்படும்படி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். புரட்டாதியில் ஒரு காளையைப் பாலம் தாண்டி விரட்டிப் போய் ஈட்டியால் குத்திக் கொல்லும் திருவிழா, 2016இல் மாகாண அரசு கொல்வதைத் தடைசெய்யும் வரை நடந்தது. ஊர் இரண்டாகப் பிரிந்து நின்றது என்று அந்தப் பெண் சொன்னபோது, கோவில்களில் ஆடு வெட்டும் நமது வேள்வி பற்றிய சண்டைகள்தான் ஞாபகம் வந்தன.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். வருகிற ஞாயிறு அந்த ஒரு வரியைத் திருத்திப் போடுங்கள். அதோடு, அந்த ஒப்பந்தத்தின் முக்கியமான வாசகங்களைத் தமிழில் மொழிபெயர்த்துப் போட யாராவது உங்களிடம் இருந்தால் போடுங்கள், அரைப் பக்கம் போதும். வெட்டி ஓட்டோவுக்குள் ஒட்டிக்கொள்வேன். அவர்கள் அடுத்த வருடம் தாயையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அதற்குள் தேவை.

இப்படிக்கு,
ஓட்டோச் சாரதி ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.