வாசிப்பவர்கள் பக்கம் கேமராவைத் திருப்புங்கள்

தமிழ்த் தொலைக்காட்சிகளில் இசைப் போட்டிகள் தயாரிப்பவர்களுக்கு,

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டம் பக்கம் ஒரு சபையின் பாடகர் குழுவில் பல வருடமாக ஆல்டோ, அதாவது பெண்களின் கீழ்க் குரல், பாடுகிறவள் நான். சனி, ஞாயிறு இரவு எங்கள் வீட்டில் உங்கள் பாட்டுப் போட்டிகள்தான் ஓடும். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன்: பிரபலங்கள் ஒரு ஆர்கெஸ்ட்ராவின் முன்னால் நின்று அதை நடத்தக் கற்றுக்கொள்ளும் போட்டி ஒன்று வையுங்கள்.

இளையராஜாவின் முதல் சிம்பொனியை 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா வாசித்ததே, அந்தச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் தங்கை மகன் கேட்டான்: "பெரியம்மா, முன்னாடி நிக்கறவரு எதுக்கு கையை ஆட்டுறாரு? அவங்க எல்லாம் பேப்பரைப் பாத்துதானே வாசிக்காங்க?"

சரியான கேள்வி. எனக்குப் பதில் தெரியும், ஆனால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அப்புறம்தான் பிபிசி 2008இல் நடத்திய 'மேஸ்ட்ரோ' போட்டியை அவனோடு உட்கார்ந்து யூடியூபில் துண்டு துண்டாகப் பார்த்தேன். எட்டுப் பிரபலங்கள். பாடவில்லை, ஆடவில்லை. பிபிசி கான்சர்ட் ஆர்கெஸ்ட்ராவின் முன்னால் கையில் கோலோடு நின்று, அதை நடத்தக் கற்றுக்கொண்டார்கள். (கண்டக்டர் என்றால் நமக்கு பஸ் கண்டக்டர்தான் நினைவுக்கு வருவார். அதனால் இசை நடத்துநர் என்றே எழுதுகிறேன்.) நகைச்சுவைக் கலைஞர் சூ பெர்கின்ஸ் ஜெயித்தார். இரண்டாவதாக வந்த கோல்டியைத்தான் எனக்கு மறக்க முடியவில்லை. டிரம் அண்ட் பேஸ் என்ற வேகமான மின்னணு நடன இசைக்காரர், சுவரில் ஸ்பிரே ஓவியம் வரைந்தவர், இசைக்குறிப்பு படிக்கத் தெரியாதவர். கடைசிச் சுற்று வரை வந்துவிட்டார். 2012இல் இதையே ஓபராவுக்கு, அதாவது பாட்டாகவே நடக்கும் நாடகத்துக்கு, மாற்றி இன்னொரு முறை நடத்தினார்கள். போட்டியாளர்களில் ஒருவர் கணிதப் பேராசிரியர்!

அதைப் பார்க்கும்போது எனக்குப் பழைய ஒரு நாள் நினைவுக்கு வந்தது. கேரல் ஆராதனைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எங்கள் கொயர் மாஸ்டர் அண்ணன் காய்ச்சலில் படுத்துவிட்டார். ஒரு நாள் பயிற்சியை மட்டும் நடத்தச் சொல்லி என்னை முன்னால் நிறுத்தினார்கள். நான்கு குரல்களின் சோல்ஃபாவும் (நம் சரிகம போன்ற டோ-ரே-மீ சுரங்கள்) எனக்கு மனப்பாடம். மூன்று தாளப் பாட்டு. கீழே, வலது, மேலே என்று கை போக வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். கையை இறக்கினேன். பெண்களின் மேல் குரலான சொப்ரானோ வந்தது, அரை நொடி கழித்து ஆண்களின் மேல் குரலான டெனர் வந்தது, அவர்களின் கீழ்க் குரலான பேஸ் வரவே இல்லை. கீபோர்டில் இருந்த அக்கா வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "மூச்சைக் காட்டு மக்களே, மூச்சைக் காட்டு. நீ மூச்சு எடுக்கதப் பாத்துத்தான் நாங்க எடுப்போம்."

முதல் அடிக்கு முன்னாலேயே கை எழ வேண்டும். அந்த எழுச்சியிலேயே பாட்டின் வேகமும் பலமும் தெரிந்துவிட வேண்டும். அன்று மூன்றாவது தடவை நானும் மூச்செடுத்துக் கையைத் தூக்கியபோது இருபத்திரண்டு பேர் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது. பாட்டைவிட அந்தச் சத்தம்தான் இன்றும் என் காதில் இருக்கிறது. தங்கை மகனுக்கான பதிலும் அதுதான்.

எங்கள் கோயில் திருவிழாக்களில் செண்டை மேளம் வரும். முன்னே நிற்கும் ஆசான் வேகத்தைக் கூட்டக் கூட்ட பின்வரிசை கண் இமைக்காமல் அவரையே பார்த்து அடிக்கும். ஆனால் அவர் கையிலும் செண்டை இருக்கும். தான் ஒரு சத்தமும் எழுப்பாமல், மற்றவர்களின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நிற்கிற வேலை நம் ஆட்களுக்குப் புதிது. அதனாலேயே பார்ப்பார்கள் என்கிறேன்.

உங்களிடம் ஒரு குறையும் சொல்ல வேண்டும். உங்கள் மேடைகளில் அருமையான கலைஞர்கள் வாசிக்கிறார்கள். பாடுகிற பிள்ளை மூச்சு வாங்கும் இடத்தில் புல்லாங்குழல் வந்து நிறைக்கிறது. அந்த நேரம் திரையில் நடுவரின் கண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். புல்லாங்குழல்காரரின் முகத்தை நான் ஒரு தடவைகூட முழுதாகப் பார்த்ததில்லை. நடத்துநர் போட்டி வைத்தால் வாசிப்பவர்களைக் காட்டாமல் உங்களால் தப்பிக்கவே முடியாது. 'மேஸ்ட்ரோ' நடுவர்களில் ஒருவர் செல்லோ வாசிப்பவர், இன்னொருவர் டபுள் பேஸ் வாசிப்பவர்; இரண்டும் வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியங்கள். நீங்களும் வாசிப்பவர்களையே கேளுங்கள். யார் வெளியே போக வேண்டும் என்ற வாக்கை ஆர்கெஸ்ட்ராவிடமே கொடுங்கள். யாருடைய கையை நம்பி வயலின் வில்லை இழுக்க முடிந்தது என்று அவர்களுக்குத்தானே தெரியும்? ஒரு பாட்டை வெட்டாமல் முதலிலிருந்து கடைசி வரை காட்டுங்கள். ஒரு கேமராவை வயலின் வரிசைக்குள் வையுங்கள், நடத்துபவரின் முகம் எங்களுக்கும் தெரியட்டும்.

ஆர்கெஸ்ட்ராவுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். சென்னையில் ஏ.ஆர். ரஹ்மானின் கே.எம். இசைக் கல்லூரியின் சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா இருக்கிறது. உங்கள் பாட்டுப் போட்டிகளின் பின்னணியில் வாசிப்பவர்களே பாதி ஆர்கெஸ்ட்ராவுக்குக் காணும்.

நவம்பரில் எங்கள் கேரல் பயிற்சி தொடங்கிவிடும். தினமும் மாலை ஏழு மணிக்கு, சபைக்குப் பக்கத்து ஹாலில். போட்டிக்குத் தேர்ந்தெடுக்கும் நட்சத்திரங்களை ஒரு வாரம் முதலில் எங்களிடம் அனுப்புங்கள். கீபோர்டு அக்கா இன்னும் இருக்கிறார்.

இப்படிக்கு,
ஆல்டோ வரிசையிலிருந்து ஒரு நேயர்