புகைப்படக் கலைச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பாம்பன், மண்டபம், இராமேசுவரம், கீழக்கரை, தொண்டி ஆகிய ஊர்களிலிருந்து வந்திருக்கும் சங்க உறுப்பினர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

படம் எடுப்பதோடு நின்றுவிடாமல், எடுத்த படத்தைக் காகிதத்தில் நிறைவு செய்யவும் பழக வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். இவ்வாண்டின் பணிகள் பெரும்பாலும் அந்தத் தீர்மானத்தை ஒட்டியே நடந்தன. நம்மில் பலர் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என விசேஷ வீடுகளில் படமெடுத்துப் பிழைப்பவர்கள். அங்கே வீட்டாரின் விருப்பமே முதன்மை. ஆல்பம் கைமாறியதும் வேலை முடிந்துவிடும். கலைப்படத்தில் எதை எடுப்பது, எந்த அளவில், எந்தக் காகிதத்தில், எத்தனை பிரதி அச்சிடுவது என்ற முழுப் பொறுப்பும் எடுத்தவரையே சேரும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமும் இந்த வேறுபாட்டைக் காட்டுகிறது. ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அவரே முதல் உரிமையாளர். நாம் நமக்காக எடுத்த படம் நமக்கே உரியது.

ஆண்டின் முதல் பயிற்சியைத் தனுஷ்கோடியில் நடத்தினோம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் தேவாலயச் சுவரை எடுக்காதவர் நம்மில் ஒருவரும் இல்லை. ஆகவே, இம்முறை ஒவ்வொருவரும் ஒரே இடத்தில் முக்காலியை ஊன்றி, விடியல் முதல் வெயில் ஏறும்வரை அங்கேயே நிற்பது என்று முடிவு செய்தோம். பவளக்கல்லின் துளைகளில் சாய்வெயில் விழும்போதுதான் அந்தச் சுவருக்கு உருவம் கிடைக்கிறது. ஒன்பது மணிக்கு மேல் அதே சுவர் தட்டையாகிவிடுகிறது. வெண்மணலும் சிலருக்குப் பாடம் கற்பித்தது. கேமராவின் ஒளிமானி எதிரில் உள்ளதை நடுச் சாம்பல் நிறமாகக் கருதியே கணக்கிடுகிறது. அதை அப்படியே நம்பினால் மணல் அழுக்காக விழும். ஒளியை ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரு மடங்காகும்) கூட்டிய பிறகே மணல் மணலாக வந்தது.

பெண்கடல் என்று நம் மீனவர்கள் சொல்லும் பாக் விரிகுடாப் பக்கம் நீண்ட எக்ஸ்போஷர், அதாவது கேமராவின் ஒளிவாயிலைப் பல நொடி திறந்து வைத்துப் படமெடுப்பது, பழகினோம். பத்து ஸ்டாப் ஃபில்டர் ஒளியை ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். நொடியில் 30இல் ஒரு பங்கு போதுமாக இருந்த காட்சிக்கு 34 நொடி தேவைப்படும். அந்த 34 நொடிக்குள் அலை வந்து முக்காலியின் காலடி மணலை அரித்துவிட, படம் கலங்கிப்போனது. ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைக்கலாம் என்று நம் பாம்பன் உறுப்பினர் காட்டிக் கொடுத்த வழி நன்றாகப் பயன்பட்டது.

அடுத்து, அச்சு. வருத்தத்துடன் பதிவு செய்ய வேண்டிய ஒன்று இது. கண்காட்சிக்காக வெளியூர் லேப் ஒன்றில் அச்சிட்டு வாங்கிய படங்களில், பாம்பன் பாலத்தின் மேல் திரண்ட மழைமேகம் நீலம் பூசியதுபோல வந்து சேர்ந்தது. அங்குள்ள இயந்திரம் தானாகவே நிறத்தைத் திருத்தியிருக்கிறது. திருத்தம் வேண்டாம் என்று நாம் எழுதிக் கொடுக்கவில்லை. மாதிரித் துண்டு ஒன்றை முதலில் அச்சிட்டுப் பார்க்கவும் இல்லை. அது நம் தவறு. அதன் பிறகு திரையின் வெளிச்சத்தைக் குறைத்து நிறம் சரிபார்ப்பது, மாதிரித் துண்டைப் பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகே முழு அளவு அச்சிடச் சொல்வது ஆகிய இரண்டையும் கட்டாயமாக்கினோம். 6000க்கு 4000 பிக்சல் கொண்ட படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் 20 அங்குல அகலம் கிடைக்கும். அதற்குமேல் பெரிதாக்க விரும்புவோர் தூரத்திலிருந்து பார்த்து மயங்காமல் கிட்டே நின்று பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.

இவ்வாண்டில் என் மனத்துக்கு மிக நெருக்கமான பணி நீல அச்சுப் பயிற்சி. மருந்து பூசிய காகிதத்தில் வெயில் பட்ட இடம் நீலமாகும் இம்முறைக்குச் சயனோடைப் என்று பெயர். இதை ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே ஆனா அட்கின்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி தம் நாட்டுக் கடற்பாசிகளை இம்முறையில் அச்செடுத்து நூலாக வெளியிடத் தொடங்கினார். புகைப்பட அச்சுகளால் ஆன முதல் நூல் கடற்பாசியைப் பற்றியது என்ற செய்தி, பாசி எடுக்கும் பெண்கள் வாழும் இந்தக் கரையில் நம்மை அசைத்துவிட்டது.

இதற்கு வேண்டிய மருந்துகள் இரண்டு: ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராம், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம். இரண்டையும் தனித்தனியே 100 மில்லி நீரில் கரைத்து, சம அளவில் கலந்து, மங்கிய விளக்கொளியில் பருத்திக் காகிதத்தில் தூரிகையால் பூசி உலர்த்தினோம். பாசி கொடுத்து உதவிய மூதாட்டி ஒருவர் மரிக்கொழுந்துப் பாசியைத் தாமே நல்ல தண்ணீரில் அலசி, ஒத்தி எடுத்து, காகிதத்தின் மேல் பரப்பி வைத்தார். "தம்பி, வேரோட பிடுங்கக்கூடாது, நுனியத்தான் கிள்ளணும். இந்தப் படத்துலயும் அது தெரியணும்" என்றார். துணி சுற்றிய விரல்களால் ஒவ்வொரு கிளையையும் பிரித்துவிட்டார். மேலே கண்ணாடி வைத்து உச்சிவெயிலில் சில நிமிடம் காட்டினோம். மஞ்சள் கலந்த பச்சையாக இருந்த காகிதம் சாம்பல் வெண்கல நிறத்துக்கு மாறியதும் எடுத்துத் தண்ணீரில் அமிழ்த்தினோம். தடித்த தண்டு வெள்ளையாகவும், ஒளி ஊடுருவிய மெல்லிய நுனி இளநீலமாகவும், சுற்றிலும் ஆழ்ந்த நீலமாகவும் எழுந்தது. கிள்ளிய இடம் தெளிவாகத் தெரிந்தது.

ஆனால் முதல் நாள் அச்சுகள் பல வெளிறிவிட்டன. காரணம் நம் கிணற்றுத் தண்ணீர். காரத்தன்மை உள்ள நீர் இந்த நீலத்தைக் கரைத்துவிடும். மறுநாள் முதல் அலசலுக்கு எலுமிச்சைச் சாறு கலந்த நீரையும், பிறகு சேமித்து வைத்த மழைநீரையும் பயன்படுத்தியபோது நீலம் நிலைத்தது. வெயில் பட்டு மங்கும் அச்சைச் சில நாள் இருட்டில் வைத்தால் நிறம் பெருமளவு திரும்பிவிடும் என்பதையும் கண்ணால் கண்டோம். நனைந்த உடையுடன் கரையேறும்போது தங்களைப் படமெடுக்க வேண்டாம் என்று பாசி எடுக்கும் பெண்கள் கேட்டுக்கொண்டார்கள். அதைச் சங்க விதியாகவே செயற்குழு ஏற்றுக்கொண்டது. அக்னி தீர்த்தத்தில் நீராடுவோருக்கும் இவ்விதி பொருந்தும். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் தீவுகளில் அனுமதியின்றி இறங்குவதும் கூடாது.

உப்புக்காற்றில் கேமராவைக் காப்பது பற்றிப் பலமுறை பேசியிருக்கிறோம். கரையிலிருந்து திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைப்பதும், லென்ஸை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் மூடி வைப்பதும் தவறக்கூடாது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

பொதுக்குழுவின் முன் இரண்டு தீர்மானங்களை வைக்கிறேன். ஒன்று, சங்கம் விற்கும் ஒவ்வொரு அச்சிலும் பிரதி எண்ணையும் மொத்தப் பிரதியையும் பென்சிலால் எழுதிக் கையொப்பமிட வேண்டும். பத்து என்று எழுதியபின் பதினோராவது அச்சு போடக்கூடாது. மற்றொன்று, பாசி நீல அச்சுகள் விற்றுவரும் தொகையில் பாதியைப் பாசி தந்த பெண்களுக்கு வழங்க வேண்டும். முதல் தொகுதியில் முதல் பிரதி அந்த மூதாட்டியின் வீட்டுச் சுவரில், வெயில் படாத பக்கமாக, ஏற்கெனவே மாட்டப்பட்டுவிட்டது. அதற்கு மட்டும் பொதுக்குழு பின்னேற்பு வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்